கிட்ட வந்த சேவல்

"கிட்ட வந்தா நீ சொல்றது சரிதான், ஆனா தூரத்துலயே நின்னுட்டா—"

"தூரத்துல நின்னா நான் சுடவே போறதில்ல. அதைத்தானே மத்தியானத்துலேருந்து—"

"நான் பேசி முடிக்கட்டுமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீதான் பேசி முடிக்கிறே, ஹோலிஸ். இன்னிக்கு ஒருநாள் பாதியில நிறுத்து."

சமையலறை மேசைமேல் பழைய துண்டை விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு சோக்குகள். கட்டைவிரல் நீளத்தில் எஃகுக் குழல்கள். துப்பாக்கி வாய்க்குள் திருகி மாட்டிவிட்டால் எது உள்ளே இருக்கிறது என்று தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவையை எவ்வளவு நெருக்கிப் பிடித்து அனுப்புவது என்பது அந்தக் குழலின் கழுத்தைப் பொறுத்தது. கழுத்து இறுகியிருந்தால் ரவை வெகுதூரம் ஒரே கொத்தாகப் போகும். தளர்ந்திருந்தால் கிளம்பிய வேகத்திலேயே விரியும். இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ள விளிம்பில் வெட்டு போட்டிருப்பார்கள். இறுக்கத்துக்கு ஒன்று, தளர்வுக்கு நாலு.

ஹோலிஸ் ஒற்றை வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினான். நெல்டா நாலு வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"இதைப் பாரு." அவன் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். மத்தியானம் பின்பக்கப் புல்வெளியில், இறைச்சி பொதிகிற பழுப்புத் தாளில் வான்கோழித் தலையும் கழுத்தும் வரைந்து, வேலிக் கம்பத்தில் கட்டி, இருவரும் மாறி மாறிச் சுட்டுப் பார்த்திருந்தார்கள். "நாப்பது கஜம். இறுக்கின சோக். தலை சல்லடையாப் போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அழகுதான். இப்போ இதை நீ பாரு. அதே சோக், பதினைஞ்சு கஜம். நான் சுட்டது."

அந்தத் தாளில் காப்பிக் கோப்பையின் வாயளவுக்கு ஒரே ஓட்டை. ஓட்டை இருந்தது தலைக்குப் பக்கத்தில். தலையில் ஒரு ரவைகூட இல்லை.

"கை நடுங்கியிருக்கும்."

"நடுங்கும். அறுபதைத் தாண்டியாச்சு, நெஞ்சு அடிச்சுக்கும், சேவலும் படத்துக்கு நிக்கிற மாதிரியா நிக்கும்? தலையை வெட்டி வெட்டி இழுக்கும். அதுக்குத்தான் விரியணும்ங்கிறேன். இந்தா, நாலு வெட்டு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் போட்டிருக்கு. நான் கொஞ்சம் பிசகினாலும் தலை சிக்கும்."

ஹோலிஸ் இரண்டு தாளையும் வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பதினைஞ்சு கஜத்துக்கு வரும்னு சேவல் உனக்குச் சொல்லி அனுப்பிச்சுதா?"

"நான் கூப்பிட்டா வரும்."

உண்மை அது. சிலேட்டு வில்லையில் குச்சியை உரசிப் பெட்டைக்கோழிக் குரல் எழுப்புவதில் நெல்டாவை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மகன் டாரலுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ஹோலிஸ் கூப்பிட்டால் சேவல் தூரத்திலேயே நின்று யோசிக்கும். யோசிக்கிற சேவலைச் சுடுகிறவனுக்கு இறுகின சோக் வேண்டும்.

"உன்னைக் கண்டா அது எட்ட நிக்குது, என்னைக் கண்டா கிட்ட வருது. அது என் குத்தமா?" என்றாள்.

"இந்த நக்கல்தான் வேணாங்கிறது."

"சரி, நக்கல் இல்லாம சொல்றேன். நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு. எனக்கு இருக்கிறது அந்த ஒரு வெடிதான். அதுக்கு எந்த சோக்குன்னு நான்தான் முடிவு பண்ணணும்."

பிளம் ஓடை வேட்டை கிளப்பில் பன்னிரண்டு ஆணிகள் உண்டு. காகித ஆலையின் பைன் காட்டைக் குத்தகைக்கு எடுத்த பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு ஒன்று. கேம்ப் வீட்டின் உத்தரத்தில் வரிசையாக அடித்த அந்த ஆணிகளில், ஒவ்வொருவரும் தாம் சுட்ட வான்கோழிச் சேவலின் நெஞ்சுத் தாடியை, நெஞ்சில் தொங்கும் அந்த மயிர்க் கற்றையை, கட்டித் தொங்கவிடுவார்கள். ஒருவன் செத்தால் அவன் ஆணி அடுத்த வசந்தம் முடியும்வரை அவன் வீட்டுக்கு உரியது. அதற்குள் வீட்டார் ஒருவர் அந்தக் காட்டிலேயே ஒரு சேவலைச் சுட்டு அதன் தாடியைக் கொண்டுவந்து கட்டினால் இடம் வீட்டிலேயே நிற்கும். இல்லையென்றால் ஆணியைப் பிடுங்கிவிட்டு ஓட்டுப் போடுவார்கள். ஏற்கெனவே ஆணி உள்ளவன் சுட்டால் அது அவன் கணக்கிலேயே சேரும் என்பதால் ஹோலிஸ் சுட்டுப் பயனில்லை. பெண்பிள்ளை சுடக்கூடாது என்று விதி இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்காததால் விதி போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆணிகளில் ஒன்று டாரலுடையது. நவம்பரில் மரம் ஏற்றிய லாரி ஒன்று அவன் வண்டிமேல் ஏறியது. இப்போது ஏப்ரல் கடைசி. விருந்தாளிகளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் அனுமதி. ஒரு சனிக்கிழமை மழை கொட்டியது. இன்னொன்றில் சேவல் பெட்டைகளோடு பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. நாளைச் சனிக்கிழமையோடு சீசன் முடிவு.

"ஓட்டுல ஜெயிச்சு டஸ்டின் உள்ளே வந்தா என்ன கெட்டுப்போச்சு? என் அக்கா பையன். வேத்தாளா?" என்றான் ஹோலிஸ்.

"டாரல் பேரை உன் வாயால ஒரு தடவை சொல்லு. அப்புறம் டஸ்டின் பேரைச் சொல்லு."

ஹோலிஸ் எழுந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடி கழுவினான்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆணி கிடைத்தால் காட்டுக் கதவின் சாவி கிடைக்கும். டாரல் முதுகு சாய்த்து உட்கார்ந்த ஓக் மரத்தடியில் தானும் போய் உட்காரலாம். அதைவிட முக்கியம், கேம்ப் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் மேசையில் ஒரு நாற்காலி கிடைக்கும். பையன் தன் வசந்த காலங்களை எல்லாம் அந்த ஆண்களோடுதான் கழித்தான். அம்மாவுக்குத் தெரியாத டாரல் ஒருவன் அவர்களிடம் இருந்தான். அடக்கத்தன்று அவர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பன்றித் தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்கள், வாயைத் திறக்கவில்லை. மேசையில் சேர்ந்து உட்கார்ந்தால் திறப்பார்கள். அவன் சொன்ன கெட்ட வார்த்தை, விட்ட பொய், தோற்ற சீட்டாட்டம், ஏதாவது ஒன்று. தனக்குத் தெரியாத ஒன்று. அதற்காகத்தான் அவளுக்கு அந்தச் சேவல் வேண்டும்.

ஹோலிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு வெட்டுச் சோக்கைத் துப்பாக்கி வாயில் வைத்துத் திருகுச் சாவியால் முறுக்கினாள். விளிம்பில் சுண்டுவிரலை ஓட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"உன் இஷ்டம்" என்றான் அவன்.

"ஆமா. என் இஷ்டம்."

விடியலுக்கு வெகு முன்னால் அவள் எழுந்து வந்தபோது ஹோலிஸ் தயாராக இருந்தான். பிளாஸ்கில் காப்பி ஊற்றி வைத்திருந்தான். ரொட்டிக்குள் பொரித்த இறைச்சித் துண்டு வைத்து இரண்டு பொட்டலம் கட்டியிருந்தான். பின்வாசலில் துப்பாக்கி உறையைக் காணவில்லை.

"வண்டியில வச்சுட்டேன்" என்றான்.

"என்ன அதிசயம்? என் துப்பாக்கியை நீ எப்போ தூக்கியிருக்கே?"

"வச்சா குத்தம், வைக்காட்டியும் குத்தம்."

"குத்தம்னு யாரு சொன்னா? நன்றின்னு சொல்ல வந்தேன்."

டாரலின் வேட்டைச் சட்டையைப் போட்டிருந்தாள். இலையும் கிளையுமாக அச்சடித்த துணி. கைகளை இரண்டு மடிப்பு மடித்தும் நீளமாகத்தான் இருந்தது. ஹோலிஸ் அதைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான். வண்டியில் போகும்போது அவன் காப்பியை மூடியில் ஊற்றி நீட்ட, அவள் வாங்கிக்கொண்டாள். மனிதன் இறங்கி வருகிறான் என்று நினைத்தாள். சண்டை போட்டால்தான் இந்த ஆளுக்குப் புத்தி வருகிறது, இதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி இருட்டிலேயே துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வழக்கமாக விளிம்பைத் தடவிப் பார்ப்பவள். அன்று பார்க்கவில்லை. தன் கையால் முறுக்கிய சோக்கை எதற்குப் பார்க்க வேண்டும்?

"நீ மேல போ. நான் ஓடைப் பக்கம் உக்காந்திருக்கேன்" என்றான் ஹோலிஸ். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து ஆந்தைபோல அலறினான். ஆந்தைக் குரல் கேட்டால் மரத்தில் தூங்குகிற சேவல் பொறுக்காது, பதிலுக்குக் கத்தி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மேட்டின் உச்சியிலிருந்து கடகடவென்று ஒரு கொக்கரிப்பு உருண்டு இறங்கியது.

"டாரல் மரத்துக்கு மேலேயே இருக்கு" என்றாள் மெதுவாக.

"போ, போ. வெளுக்கப் போகுது."

ஓக் மரத்தில் முதுகு சாய்த்து, முழங்கால்மேல் துப்பாக்கியை ஊன்றி, சிலேட்டை எடுத்தாள். டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தது கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளிச்சம் வந்ததும் குச்சியை ஒருமுறை உரசினாள். தூக்கம் கலையாத பெட்டையின் முனகல். அவ்வளவுதான். சேவல் கிளையிலிருந்தே கத்தியது. அவள் பதில் சொல்லவில்லை. காக்க வைத்தாள். இறக்கை படபடத்து அது தரையில் இறங்கும் சத்தம் கேட்டபிறகு இரண்டே இரண்டு கொஞ்சல். பிறகு குச்சியை மடியில் போட்டுவிட்டாள்.

வந்தது. முதலில் மரங்களுக்கிடையில் விசிறிபோல வால் மட்டும். பிறகு காய்ந்த இலையில் இறக்கை நுனி இழுபடும் சத்தம். பிறகு தலை: வெள்ளையும் நீலமும் சிவப்புமாக, கோபத்தில் நிறம் மாறி மாறி. தாடி தரையைத் தொடும்போல ஆடியது. இருபது கஜம் வந்தது. அவள் சுடவில்லை. பதினெட்டு. பதினைந்து. அது நின்று, தோகையைச் சுருக்கி, பெட்டை எங்கே என்று கழுத்தை உயர்த்திப் பார்த்தது.

"வந்துட்டாண்டா" என்று உதடு அசையாமல் யாரிடமோ சொன்னாள். விசையை இழுத்தாள்.

சத்தம் காட்டைப் புரட்டியது. சேவல் விழவில்லை. ஒரு துள்ளு துள்ளி, இரண்டு அடி ஓடி, கனமான இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பி, மரங்களுக்கு மேலாக, மேட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய நிலமோ.

நெல்டா எழுந்து அது நின்ற இடத்துக்குப் போனாள். இறகு இல்லை, ரத்தம் இல்லை. அதற்கு நேர் பின்னால் ஓர் இளமரத்தில், சேவல் தலை உயரத்தில், கொஞ்சம் இடது பக்கமாகப் பட்டை பிய்ந்து வெள்ளையாகக் குழி விழுந்திருந்தது. கைமுட்டி அளவு. சுற்றிலும் ஒரு ரவைகூடச் சிதறவில்லை.

இந்த ஓட்டையை அவள் நேற்றுதான் பார்த்திருந்தாள். பழுப்புத் தாளில்.

மீதித் தோட்டாக்களை வெளியே தள்ளினாள். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு துப்பாக்கி வாயருகே சுண்டுவிரலை வைத்து விளிம்பைச் சுற்றினாள். ஒன்று. இன்னொரு சுற்று சுற்றினாள். வேறு வெட்டு தட்டுப்படவில்லை.

கேம்ப் வீட்டு வாசலில் கிளப் தலைவர் ஒடெல் சுத்தியலோடு நின்றிருந்தார். எண்பது வயது, ஒட்டிய கன்னம், நெஞ்சுவரை ஏறிய கால்சட்டை.

"ஒரே வெடி! நல்ல வெடி! கேட்டவுடனே சொன்னேன், மிஸ் நெல்டா போட்டுட்டாங்கன்னு. எங்கேம்மா சேவல்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம், மிஸ்டர் ஒடெல்."

சுத்தியல் மெதுவாகக் கீழே இறங்கியது. உள்ளே மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், சோளக் கஞ்சியும் முட்டையும். அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்த ஹோலிஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூரமா?" என்று கேட்டார் ஒடெல்.

"இல்ல. கிட்ட. ரொம்பக் கிட்ட."

"கிட்ட வந்ததைக் கோட்டை விடறதுல இங்க எல்லாரும் வாத்தியார்தான், மிஸ் நெல்டா" என்றார் ரஃபஸ் என்கிற குண்டு மனிதர், வாய் நிறைய முட்டையோடு. "போன வருஷம் என் பூட்ஸ் மேலேயே ஒண்ணு நின்னுச்சு. பூட்ஸ்தான் செத்துச்சு."

சிரித்தார்கள். அவளுக்காகச் சிரித்தார்கள் என்று தெரிந்தது. நல்ல மனிதர்கள்தான்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இவர் என் சோக்கை மாற்றிவிட்டார் என்று. சொன்னால் என்ன ஆகும்? ஒருகணம் ஹோலிஸைப் பார்ப்பார்கள். பிறகு அவளைப் பார்ப்பார்கள். தவறவிட்டுவிட்டுப் புருஷன்மேல் பழி போடுகிறாள், பாவம், மகன் போன துக்கம் என்று பார்ப்பார்கள். நெல்டா வாயை மூடிக்கொண்டாள்.

ஒடெல் மேலே எட்டி டாரலின் ஆணியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் பிடுங்கினார். வர மறுத்துக் கிறீச்சிட்டு வந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா. விதி."

"இன்னொரு விதியும் இருக்கே."

"எது?"

"தவறவிட்டவங்க சட்டை வாலை வெட்டறது."

சுவர் முழுக்க அதுதான். சேவலைத் தவறவிட்டவர்களின் சட்டைப் பின்துணி, கையகலத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் மையில் பெயரும் வருஷமும். ரஃபஸுக்கு மட்டும் ஐந்தாறு இருக்கும்.

"அது எங்களுக்குள்ள ஒரு கூத்தும்மா. விருந்தாளிக்கு வேணாம்."

"மத்த விருந்தாளிக்கு வெட்டியிருக்கீங்களா இல்லையா?"

"வெட்டியிருக்கோம்" என்றார் ரஃபஸ், யாரும் கேட்காமலே.

ஒடெல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார். துணியைத் தொட்டார். கை நின்றது.

"இது... இந்த ஓட்டை. இது அடுப்புப் பொறி பட்ட ஓட்டை. நான் பக்கத்துல இருந்தேன். அன்னிக்கு அந்தப் பய என்ன பண்ணினான் தெரியுமா, அவன்—"

"ஒடெல்" என்றான் ஹோலிஸ்.

கிழவர் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க, மிஸ்டர் ஒடெல்" என்றாள் நெல்டா. "என்ன பண்ணினான்?"

ஒடெல் ஹோலிஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"அடக்கம் முடிஞ்ச வாரமே ஹோலிஸ் கேட்டுக்கிட்டான்மா. இங்க அந்தப் பேரை எடுக்கக் கூடாதுன்னு. அப்பனாச்சே. நாங்க எடுக்கிறதில்ல."

நெல்டா சுவரைப் பார்த்தாள். ஹோலிஸின் நாற்காலிக்கு நேர் எதிரே, துண்டுகளுக்கு நடுவில், புகை படியாத ஒரு வெளிறிய சதுரம் இருந்தது. எத்தனையோ வருஷம் ஏதோ தொங்கி, சமீபத்தில்தான் கழற்றிய இடம். டாரல் பன்னிரண்டு வயதில் முதல் சேவலைத் தவறவிட்டுவிட்டு, வால் இல்லாத சட்டையோடு வீட்டுக்கு ஓடி வந்து சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்த வால் இங்கேதான் தொங்கியிருக்க வேண்டும்.

"அங்கே இருந்ததைக் கழட்டினது யாரு?"

எல்லார் கண்ணும் ஹோலிஸ் பக்கம் போனது.

"தொங்கவிட்டதை யாரு கழட்டலாம், மிஸ்டர் ஒடெல்? அதுக்கும் விதி இருக்குமே."

"தவறவிட்டவங்களே கழட்டினாத்தான் உண்டு. வேற யாரும் தொடக்கூடாது. அது... ஆள் இல்லேங்கிறதால, அப்பன் கழட்டினப்போ நாங்க கேக்கல."

"சரி. இப்போ தவறவிட்டது நான். நான் உயிரோட இருக்கேன். வெட்டுங்க."

"இந்தச் சட்டை வேணாம்மா. வண்டியில வேற ஏதாவது இருந்தா—"

"தவறவிட்டப்போ போட்டிருந்த சட்டையா, மாத்திட்டு வந்த சட்டையா? எதை வெட்டுவீங்க?"

"போட்டிருந்ததை."

"யாரு வெட்டறது வழக்கம்?"

ஒடெலுக்கு அவள் எங்கே வருகிறாள் என்று புரிந்துவிட்டது. மெதுவாகத்தான் சொன்னார். "கூட்டிட்டு வந்தவன்."

"அப்போ கத்தரிக்கோலை ஹோலிஸ் கிட்ட குடுங்க."

"நெல்டா, வேணாம்" என்றான் ஹோலிஸ். "வா, வீட்டுக்குப் போவோம்."

"இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே. காப்பி ஊத்திக் குடுத்தே. துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்து வண்டியில வச்சே. இதையும் செஞ்சுடு."

ஹோலிஸ் அவள் முகத்தைப் பார்த்தான். தெரிந்துவிட்டது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எழுந்து வந்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கத்தரிக்கோல் மொக்கை, கரகரவென்று, நின்று நின்று, அறுத்தது. யாரும் கைதட்டவில்லை. வழக்கமாக மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்வார்களாம்.

அவள் மைப்பேனாவை வாங்கி, துண்டை மேசைமேல் விரித்து எழுதினாள். 'டாரலின் சட்டை. தவறவிட்டது அவன் அம்மா.' வருஷமும் போட்டாள்.

"எங்கேம்மா மாட்டட்டும்?"

"அந்த வெளிறின இடத்துல. அளவு சரியா இருக்கும்."

ஒடெல் பையில் போட்ட ஆணியையே எடுத்து அடித்தார். வேண்டுமென்று செய்தாரா, கைக்குச் சிக்கியதால் செய்தாரா, தெரியவில்லை.

வண்டிவரை கூடவே வந்தார் கிழவர். கதவைத் திறந்துவிட்டார்.

"அந்தப் பொறி கதை" என்றாள் நெல்டா.

ஒடெல் திரும்பிப் பார்த்தார். ஹோலிஸ் இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

"இன்னொரு நாள் சொல்றேன்மா. நீங்க வரும்போது."

"நான் எப்போ வரப் போறேன், மிஸ்டர் ஒடெல்? சாவி டஸ்டின்கிட்ட இருக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அடக்கத்தன்று நின்றது போலவே நின்றார்.

செம்மண் பாதையில் வண்டி குலுங்கியது. நெல்டா காலி துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து, சோக்கைத் திருகிக் கழற்றினாள். அதை வண்டியின் முன்பலகைமேல் வைத்தாள். வளைவு வரும்போதெல்லாம் அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டு கண்ணாடியில் 'டிங்' என்று இடித்தது.

"அவசரத்துல நீயே மாத்தி மாட்டியிருப்பே" என்றான் ஹோலிஸ்.

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே."

டிங்.

"அது நல்ல சோக். தூரத்துல நின்னுட்டா உனக்கு உதவுமேன்னு—"

"அந்தத் தாளை விளக்குல தூக்கிப் பிடிச்சுப் பாத்தவன் நீ. பதினைஞ்சு கஜத்துல அது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியும். நான் எவ்வளவு கிட்ட கூப்பிடுவேன்னும் தெரியும். உதவின்னு மட்டும் சொல்லாதே. வேற எதை வேணா சொல்லு."

அவன் வண்டியை ஓரம்கட்டினான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடியே இருந்தன.

"வீட்டுல எந்த அறைக்குப் போனாலும் அவன் இருக்கான், நெல்டா. குளியலறையில அவன் சவரக் கத்தி. கொட்டகையில அவன் பூட்ஸ். நீ அவன் தட்டை எடுத்து வைக்கிறே. ஒவ்வொரு ராத்திரியும் வைக்கிறே. நான் ஒண்ணும் சொல்லல. சீசன் இருந்தாலும் இல்லாட்டியும், சனிக்கிழமையானா எனக்கு அந்த ஒரு மேசைதான் இருந்துச்சு. அங்க உக்காந்தா, யாரும் எதுவும் சொல்லாம, ரெண்டு மணி நேரம் நான் எவனுக்கும் அப்பன் இல்ல. நீ உள்ளே வந்தா அவனும் கூடவே உள்ளே வருவான். அதான். அவ்வளவுதான். போதுமா?"

போதும்தான். ஐந்து மாதத்தில் அவன் மகனைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. வேறொரு நாளாக இருந்தால் அவள் அழுதிருப்பாள், கையைப் பிடித்திருப்பாள். முன்கண்ணாடிக்கு அப்பால் பைன் மரங்கள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஆலைக்காரன் நட்டபடியே நின்றன. சட்டையின் பின்பக்கம் குட்டையாகி, இருக்கையின் குளிர்ந்த ரெக்சின் இடுப்பில் பட்டது. அவள் கை நீட்டி அந்தச் சோக்கை உருளாமல் பிடித்தாள். சுண்டுவிரல் தானாகவே விளிம்பில் போய் அந்த ஒற்றை வெட்டில் நின்றது.

"உன் நாற்காலிக்கு நேரா மாட்டியிருக்கு, ஹோலிஸ். நீயே வெட்டின துணி. நான் கழட்டினாத்தான் உண்டு" என்றாள் நெல்டா. "அடுத்த சனிக்கிழமை அங்க போய் எந்தப் பக்கம் பாத்து உக்காந்து சாப்பிடுவே?"